சிறுநீரகம் கெட்ட நாயும் ஒரு 555 நோட்டும்: தோட்டத்து வீட்டுக்கான முழு வழிகாட்டி

எங்கள் டைகருக்கு 10 வயது நடந்தபோது தண்ணீர் குடிப்பது கூடியது. வாசலில் வைத்த சட்டி மத்தியானத்துக்குள் காலி. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வெயிலுக்கு யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று விட்டுவிட்டோம். அப்புறம் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போக ஆரம்பித்தான். "வயசாயிடுச்சு, திட்டாதே" என்றார் அம்மா. இரண்டு மாதம் அப்படியே ஓடிவிட்டது. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 298. நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. குணமாகாது, ஆனால் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு 14 மாதம் ஓட்டினோம். பாதி நாள் எது சரி, எது தப்பு என்று தெரியாமலேயே ஓட்டினோம். நல்ல கிளினிக்குக்கு அரை மணி நேரம், செர்டாங் பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், கையில் எண்ணி வைத்த சம்பளம் என்று இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த அளவு வேலை செய்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் படி: ஒரு நோட்டு

மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டு இருக்கிறதே, அதில் ஒன்று வாங்கி ஒரு பேனாவை நூலில் கட்டி, குளிர்பெட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். போனில் குறிக்கலாமே என்பார்கள் பிள்ளைகள். போன் ஒருவர் கையில்தான் இருக்கும். நோட்டில் பாட்டியும் எழுதலாம்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு சாப்பிட்டது (முழுசு, பாதி, மோந்து பார்த்துவிட்டுப் போனது), வாந்தி உண்டா, காலையிலா சாப்பிட்ட பிறகா, வெளிக்கு எப்படிப் போனது, கொடுத்த மருந்து. கடைசியில் ஒரு வரி: இன்று நல்ல நாளா, கெட்ட நாளா. காரணம் எழுத வேண்டாம். ந அல்லது கெ என்று ஓர் எழுத்து போதும். இந்த எழுத்துக்கு என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

தண்ணீரைக் கண்ணளவில் சொல்லாமல் அளந்து எழுதுங்கள். காலையில் 1.5 லிட்டர் போத்தலால் சட்டியை நிரப்புங்கள். மறுநாள் காலையில் மீதியை அதே போத்தலில் ஊற்றிப் பாருங்கள். சாதாரண நாய் ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி குடிக்கும். 100 மில்லியைத் தாண்டினால் நோய் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டைகர் 14 கிலோ. 1.4 லிட்டர்தான் எல்லை. அவன் 2 லிட்டர் குடித்துக்கொண்டிருந்தான். வேறு நாய்களும் அதே சட்டியில் குடித்தால் ஒரு நாள் மட்டும் பிரித்துக் கட்டி அளங்கள்.

ராத்திரி வீட்டை நனைக்கிறது என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைக்காதீர்கள். இந்த ஒரு தப்பைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். கெட்டுப்போன சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் அது வெளியே போகிறது. போனதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. சட்டியை எடுத்தால் ஒரே ராத்திரியில் உடம்பு வற்றி, மிச்சமிருக்கும் சிறுநீரகமும் அடி வாங்கும். பழைய துணியைப் போட்டு வையுங்கள். விடிந்ததும் அலசிக்கொள்ளலாம்.

எடை வாரம் ஒரு முறை. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுத் தராசு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குச் சொன்னதால், ஒட்டுப்பால் (காய்ந்த ரப்பர்ப் பால்) வாங்கும் கடைத் தராசில் கொண்டுபோய் நிறுத்தினோம். கடைக்காரர் முதல் வாரம் சிரித்தார். மூன்றாம் வாரத்திலிருந்து அவரே எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, "போன வாரத்துக்கு இருநூறு கிராம் குறைச்சல்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாம் படி: காலைச் சிறுநீர்

இரத்தத்துக்கு முன்பே சேதி சொல்வது சிறுநீர். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு பழுதானதும் சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் திறன் போய்விடும். முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

விடிகாலை முதல் சிறுநீரைப் பிடியுங்கள். பழைய அகப்பையை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியதுதான். அக்கம்பக்கத்தார் பார்த்தால் பார்க்கட்டும். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து, அன்றே கொடுத்துவிடுங்கள். கிளினிக்கில் அதன் அடர்த்தியை அளப்பார்கள். நாய்க்கு 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நன்றாகக் கெட்டிப்படுத்துகிறது. 1.008-க்கும் 1.012-க்கும் நடுவில் நாள் தவறாமல் நின்றால் அது வேலையை விட்டுவிட்டது என்று பொருள். டைகருக்கு 1.011. கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் அகப்பைச் சிறுநீர் உதவாது; டாக்டர் ஊசியால் நேராகச் சிறுநீர்ப் பையிலிருந்து எடுப்பார். பயப்படத் தேவையில்லை, பெரும்பாலான நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "சிறுநீரகம் கொஞ்சம் மோசம்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் எதையும் ஒப்பிட முடியாது.

ஐரிஸ் என்ற அனைத்துலகச் சிறுநீரகக் குழு வகுத்த நிலைகளைத்தான் இங்கே டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். மலேசிய ரிப்போர்ட்டுகள் கிரியேட்டினினை மைக்ரோமோலில் காட்டும். 125-க்குக் கீழே முதல் நிலை. 125 முதல் 250 வரை இரண்டு. 251 முதல் 440 வரை மூன்று. 440-க்கு மேல் நான்கு. அமெரிக்க, இந்திய வீடியோக்களில் 3.4 என்பது போலச் சின்ன எண்ணாக வரும். 88.4 ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். இது தெரியாமல் என் தங்கை ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். 298-ஐ யாரோ ஒருவருடைய நாயின் 3-உடன் ஒப்பிட்டிருந்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

நோய் கண்ட அன்றே நிலையை முடிவு கட்டாதீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றிய நாயின் கிரியேட்டினின் தானாகவே ஏறி நிற்கும். நாய் தேறி, நன்றாகத் தண்ணீர் குடித்து நிதானத்துக்கு வந்த பிறகு இன்னொரு முறை எடுத்து அதை வைத்துத்தான் நிலை சொல்ல வேண்டும்.

இன்னொரு தந்திரமும் அந்த எண்ணுக்கு உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. நாய் மெலிந்தால் நோய் மாறாமலேயே எண் இறங்கும். எட்டாம் மாதம் டைகரின் எண் 298-லிருந்து 270-க்கு வந்தது. கோயிலில் தேங்காய் உடைத்தோம். ஒட்டுப்பால் தராசில் அவன் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்ததை டாக்டர் நோட்டில் பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு சோதனை தசையை அவ்வளவாகச் சாராதது. மெலிந்த நாய்க்கு அதைக் கேளுங்கள்.

இதோடு கேட்க வேண்டியவை மூன்று. சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது: கிரியேட்டினினோடு ஒப்பிட்ட விகிதம் 0.5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம்: 160-க்கு மேல் நீடித்தால் மருந்து தேவைப்படும், கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் காலையில் நாய் சுவரில் முட்டிக்கொள்ளும், கண் போயிருக்கும். பாஸ்பரஸ்: இதைச் சாப்பாட்டுப் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: குணமாகக்கூடியது எதையும் விட்டுவிடாதீர்கள்

நாள்பட்ட நோய் என்ற சொல்லைக் கேட்டதும் கை தளர்ந்துவிடும். ஆனால் சிறுநீரகம் கெட்டதற்கோ, இப்போது கூடுதலாகக் கெடுவதற்கோ மருந்துள்ள காரணம் ஒன்று பின்னால் இருக்கலாம். தோட்டப்புறத்தில் மூன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

முதலாவது உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் சுவரிடுக்கில் ஊரும் பழுப்பு உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா கிருமி உடம்பில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒளிந்திருந்து சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்து, புரதத்தை வெளியே விடும். கிளினிக்கிலேயே சில சொட்டு இரத்தத்தில் பார்க்கும் சோதனை உண்டு. டாக்ஸிசைக்கிளின் பொதுவாக 28 நாள். நாய் தேறிவிட்டது என்று பத்தாம் நாளில் நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரையைக் காய்ந்த தொண்டையில் போட்டால் உள்ளே புண்ணாகும்; சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இரண்டாவது எலிச் சிறுநீரால் வரும் லெப்டோ என்ற எலிக் காய்ச்சல். செம்பனைத் தோட்டம் இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. இது மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் இருக்கும்வரை நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். இந்தச் சமயத்தில் அகப்பை வேலை வேண்டாம்.

மூன்றாவது நாமே கொடுப்பது. ஐபுபுரோஃபன், டிக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட் போன்ற மனிதர் வலி மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. டைகர் நொண்டியபோது பாட்டியின் முழங்கால் வலி மாத்திரையில் பாதியை இரண்டு நாள் கொடுத்தவன் நான்தான். அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லிவிடுங்கள். தட்டில் போட்ட பெலிம்பிங் (நட்சத்திரப்) பழம், திராட்சை, உலர்ந்த திராட்சை இவற்றையும் சொல்லுங்கள். மூன்றுமே நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாதவை.

ஐந்தாம் படி: சாப்பாடு

இந்த நோயில் நாயின் நாளைக் கூட்டும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சிகிச்சைகளில் முதலிடம் சாப்பாட்டு மாற்றத்துக்குத்தான். பாஸ்பரஸ் குறைவாக, புரதம் அளவாக, உப்புக் கம்மியாக. சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாமல் போகும்போது அது இரத்தத்தில் சேர்ந்து நோயை முடுக்கிவிடும்.

சிறுநீரக நோய்க்கென்று செய்த தீனி கிளினிக்குகளில் கிடைக்கும். விலை கூடுதல்தான். கட்டுப்படியானால் அதுவே நல்லது. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கும் நாய்க்கு அன்றே அதை வைக்காதீர்கள். குமட்டலோடு சேர்த்து அந்த வாசனையை நாய் மனத்தில் பதித்துக்கொள்ளும். பிறகு எப்போதும் தொடாது. முதலில் குமட்டலை மருந்தால் அடக்குங்கள். பிறகு பழைய சோற்றில் கால் பங்கு, அரைப் பங்கு என்று இரண்டு மூன்று வாரத்தில் மாற்றுங்கள். கொஞ்சம் சுடவைத்தால் வாசனை எழும்பும், சாப்பிடும்.

கட்டுப்படியாகாதவர்களுக்கு வீட்டுச் சமையல். வெள்ளைச் சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, தோலோடு கொஞ்சம் கோழி, கொஞ்சம் எண்ணெய். கோழியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸில் ஒரு பகுதி அதோடு போகும். எலும்பு, ஈரல், நெத்திலி, மீன் தலை, முட்டை மஞ்சள் கரு எல்லாம் பாஸ்பரஸ் மூட்டைகள். குழம்புச் சோறு கூடவே கூடாது. உப்பு ஒரு பக்கம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தையே உடைக்கும். ஆனால் நான் மேலே சொன்ன நாலு பொருளை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்தும் விட்டமினும் குறைந்து வேறு நோய் வரும். என்ன சேர்க்க வேண்டும், எத்தனை கிராம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புரட்டாசி மாதம் ஒரு சிக்கல். வீட்டில் கவிச்சி இல்லை என்று நாய்க்கும் பருப்புச் சோறு போடும் வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி. பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் சரி, நாய் எதையும் தொடவில்லை என்றால்? அப்போது என் கணக்கு வேறு. சாப்பிடாத நல்ல சாப்பாட்டைவிடச் சாப்பிடுகிற சுமாரான சாப்பாடு மேல். பட்டினி கிடக்கும் நாய் தன் தசையையே தின்னும். அந்தக் கழிவும் சிறுநீரகத்தின் தலையில்தான் விழும்.

ஆறாம் படி: மாத்திரைகள், ஒவ்வொன்றாக

பாஸ்பரஸைப் பிடிக்கும் மருந்து (அலுமினியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் கார்பனேட்) சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் கொடுப்பது வீண். மூன்றாம் நிலையில் பாஸ்பரஸை 1.6 மில்லிமோலுக்குக் கீழே வைப்பதுதான் குறி.

புரதம் ஒழுகினால் பெனாசெப்ரில் அல்லது எனலாப்ரில் கொடுப்பார்கள். தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த மறுசோதனையைப் பலர் காசுக்காக விட்டுவிடுகிறார்கள். வேறு எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடும் நாய் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டு வற்றிவிட்டால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். அழுத்தத்துக்கு அம்லோடிபைன், குமட்டலுக்கு மரோபிட்டன்ட். இவற்றில் மனிதருக்கும் உள்ள மாத்திரைகளை டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக் கடையில் வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். சில வேளை மலிவு.

பக்கத்து வீட்டு ஆண்டி பூனைமீசைச் செடியைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்வார். மனிதர் சிறுநீரகத்துக்கு நம் ஊரில் எல்லாரும் குடிப்பதுதான். அது சிறுநீரைக் கூட்டும். ஏற்கெனவே அளவுக்கு மேல் சிறுநீர் போய் வற்றுகிற நாய்க்கு அது எதற்கு? இளநீர் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு; அதில் பொட்டாசியம் அதிகம். முற்றிய சிறுநீரக நோயில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கும். ஆண்டியிடம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, செடியை வேலி ஓரம் நட்டுவிட்டேன். பூ அழகாக இருக்கும்.

ஏழாம் படி: தோலுக்கடியில் தண்ணீர்

குடித்தும் வற்றுகிற நாய்க்கு ரிங்கர்ஸ் லாக்டேட் திரவத்தைத் தோலுக்கடியில் விடுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. முதல் இரண்டு தடவை கிளினிக்கில் உங்கள் கையாலேயே செய்யவைத்துக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். இதய நோய் உள்ள நாய்க்கு இது ஆபத்து. டாக்டர் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

பையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். குளிர்ந்த திரவம் உள்ளே போனால் நாய் நடுங்கும். ஜன்னல் கம்பியில் உயரமாக மாட்டுங்கள். குழாயிலுள்ள காற்றை ஓடவிட்டு மூடுங்கள். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழையுங்கள். மறுபக்கம் வெளியே வந்து தரை நனைந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் முதல் வாரம் நனையும். வழக்கமாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. டைகருக்கு 200 மில்லி, வாரம் மூன்று நாள். தோலுக்கடியில் ஒரு பந்து தொங்கும். சில மணி நேரத்தில் வடியும், முன்காலுக்கு இறங்கினாலும் பயமில்லை. ஒவ்வொரு முறையும் புது ஊசி. பழையதைக் கெட்டியான போத்தலில் போட்டுக் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள். முந்தைய திரவம் வடியவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் அடுத்ததைப் போடாமல் போன் செய்யுங்கள்.

எட்டாம் படி: எது சரி என்று தெரியாதபோது

மேலே சொன்னது எல்லாம் கை வேலை, பழகிவிடும். இதுதான் பழகாதது.

ஒன்பதாம் மாதம் டைகரின் சிறுநீரில் புரத விகிதம் 2.1. சிறுநீரகத்தில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் வடிகட்டி எந்த வகையில் கெட்டது என்று தெரியும், செர்டாங்குக்கு எழுதித் தரட்டுமா என்று டாக்டர் கேட்டார். தங்கை போகலாம் என்றாள். அண்ணன் 11 வயது நாய்க்கா என்றான். அம்மா பேசவில்லை. நான் அன்று ராத்திரி வீடியோ பார்த்து இன்னும் குழம்பினேன்.

மறுநாள் டாக்டரிடம் நோட்டில் எழுதிக்கொண்டு போன கேள்விகள் இவை. உங்களுக்கும் உதவும்.

இந்தச் சோதனை எப்படி முடிவு சொன்னாலும் நாம் கொடுக்கும் மருந்து மாறுமா?
மாறினால் எந்த மருந்து, அதன் தொல்லை என்ன?
சோதனையிலேயே நாய்க்கு என்ன ஆபத்து?
ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தால் எதை இழப்போம்?
இப்போது தொடங்குவது பலிக்கவில்லை என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம், எத்தனை நாளில்?

அவர் சொன்ன பதில்: முடிவு ஒரு வகையாக வந்தால் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்கலாம், அதில் தொற்று வரும் வாய்ப்பு கூடும், துணுக்கு எடுக்கும்போது இரத்தக் கசிவு ஏற்படலாம், அழுத்தம் கட்டுக்குள் இல்லாத நாய்க்கு அது இன்னும் மோசம். டைகரின் அழுத்தம் அப்போது 170. நாங்கள் போகவில்லை. அம்லோடிபைனும் பெனாசெப்ரிலும் கொடுத்தோம். விகிதம் 0.9-க்கு இறங்கியது. பாதியாகக் குறைந்தாலே பலித்தது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். போயிருந்தால் இன்னும் ஆறு மாதம் இருந்திருப்பானோ என்று தங்கை இன்றும் கேட்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சிகிச்சை தொடங்குகிற அன்றே நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். என்ன தொடங்குகிறோம். எத்தனை நாள் பார்ப்போம். எது நடந்தால் தொடர்வோம், எது நடந்தால் நிறுத்துவோம். உதாரணத்துக்கு எங்கள் நோட்டிலிருந்து: "தண்ணீர் ஏற்றுவது, வாரம் 3. மூன்று வாரம். காலை வாந்தி வாரத்துக்கு இரண்டுக்குள் வந்தால் தொடர்வோம். ஊசியைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தால் நிறுத்துவோம்." ஒளியவில்லை. வாந்தி ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தது. தொடர்ந்தோம்.

அவசரம் இல்லாத நேரத்தில் ஒரு சமயம் ஒரு மாற்றம்தான். புதுச் சாப்பாடு, புது மாத்திரை, ஆண்டியின் கஷாயம் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், நாய் தேறினாலும் எதனால் என்று தெரியாது, படுத்தாலும் எதனால் என்று தெரியாது. பிறகு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டைதான் மிஞ்சும்.

காசையும் அதே நோட்டில் எழுதுங்கள். மாதம் இவ்வளவுதான் முடியும் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. அந்தத் தொகைக்குள் எது முக்கியம் என்று அவர் வரிசைப்படுத்துவார். சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் எழுதுவார், நீங்கள் பாதியை வாங்குவீர்கள், எந்தப் பாதி என்று அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் படி: வீட்டார், விடுமுறை, வண்டி

வீட்டில் ஒருவர் ஒளித்து மீன் தலை போடுவார். எங்கள் வீட்டில் பாட்டி. கண்டிப்பதைவிட அவருக்கே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பாட்டிக்கு வெள்ளைக்கரு அவிக்கும் வேலை கொடுத்த பிறகு மீன் தலை நின்றது.

சீனப் பெருநாள், தீபாவளி, நோன்புப் பெருநாள் வாரங்களில் கிளினிக் மூடியிருக்கும். பத்து நாளுக்கு முன்பே மருந்து, திரவப் பை, ஊசி வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்று கேட்டு நோட்டின் பின்னட்டையில் எழுதுங்கள். நாயை ஏற்றிக்கொள்ளும் வண்டிக்காரர் ஒருவரை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சமயத்துக்கு ஆகாதென்று மறுப்பவர்களிடம் வாதாட வேண்டாம். எங்களுக்குக் காய்கறி ஏற்றும் வேன் அண்ணன் கிடைத்தார். காலை ஆறு மணிக்கே புறப்பட்டால் வெயிலும் இல்லை.

காத்திருக்காமல் அன்றே கொண்டுபோக வேண்டியவை: ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் வராதது, 24 மணி நேரம் தண்ணீர்கூட நிற்காத வாந்தி, வலிப்பு, திடீர்க் குருடு, ஈறு காகிதம்போல் வெளுத்திருப்பது.

பத்தாம் படி: ந, கெ

நோட்டில் எழுதிய அந்த ஓர் எழுத்து இதற்குத்தான். மாதக் கடைசியில் எண்ணுங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க விலங்கு மருத்துவர் ஏழு விஷயத்துக்குப் பத்துப் பத்து மதிப்பெண் போடும் ஓர் அளவை வகுத்திருக்கிறார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா. மொத்தம் 35-க்கு மேல் என்றால் தொடரலாம் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தோம். ஆளுக்கொரு மதிப்பெண் வந்தது. கடைசியில் டைகருக்கென்றே மூன்று எழுதினோம். என் மோட்டார்ச் சத்தத்துக்கு வாசல் கேட் வரை வருகிறானா. பாசாரிலிருந்து வந்த பையை மோப்பம் பிடிக்கிறானா. ராத்திரி தூங்குகிறானா. இவை உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டியவை. கடைசி வாரத்தில் எழுதினால் மனம் விதியை வளைக்கும்.

13-ம் மாதம் கெ 9. அடுத்த மாதம் முதல் 18 நாளில் கெ 13. டைகருக்கென்று எழுதிய மூன்றில் இரண்டு போய்விட்டது. கிரியேட்டினின் 610. வாயில் புண், மூச்சில் சிறுநீர் வாடை. கிளினிக்கில் மூன்று நாள் வைத்து நரம்பில் தண்ணீர் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதே கேள்விகளைக் கேட்டோம். எண் கொஞ்சம் இறங்கலாம், வீட்டுக்கு வந்ததும் ஏறும் என்றார். அந்த மூன்று நாளையும் அவன் வாசலில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னார். அதற்குள் எல்லாரும் வந்து பார்த்தார்கள், வேன் அண்ணன் உள்பட.

ஊசி போட்டுத் தூங்க வைப்பதென்று முடிவானால் முன்னாலேயே கேட்க வேண்டியவை: வீட்டுக்கு வருவாரா, முதலில் மயக்க ஊசி உண்டா, யார் பக்கத்தில் இருக்கலாம். கண் மூடாமல் போகலாம், கடைசியில் உடம்பு ஒரு முறை இழுக்கலாம். இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

புதைப்பதானால் ஆழம் முக்கியம். அந்த ஊசி மருந்து உடலிலேயே தங்கும். உடும்போ பன்றியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகலாம். குறைந்தது இடுப்பளவு ஆழம், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மேலே கல். தோட்ட நிலமாக இருந்தால் நிர்வாகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மீதி மருந்தை வேறு நாய்க்குக் கொடுக்காதீர்கள். பிரிக்காத திரவப் பைகள் எங்களிடம் நான்கு இருந்தன. கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நோட்டைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். உண்ணிக் காய்ச்சலோடு வந்திருந்த ஒரு நாயின் வீட்டாருக்கு, பக்கம் எப்படி எழுதுவதென்று காட்டவாம். பேனா இன்னும் நூலில் தொங்குகிறது.